ஏப்ரல் முதல் தேதிப் பாடகி

இயந்திரக் குரல்கள்: 9

மூன்றாவது யார்?

இந்தக் கேள்வியில்தான் போன வாரம் உங்களைத் தொங்கவிட்டுப் போனேன். திட்டியிருப்பீர்கள். போகட்டும், உள்ளே வாருங்கள். இந்த வாரம் கதை வேகமாகப் போகப் போகிறது.

2008 மார்ச் மாதக் கடைசி. ஜப்பானில், சப்போரோவின் கிரிப்டான் நிறுவனத்திலிருந்து ஹட்சுனே மிகு என்ற கம்ப்யூட்டர் பாடகி புறப்பட்டு வந்து ஏழு மாதம் ஆகிவிட்டது. மேல்கையில் 01 என்று எண் பொறித்த, நீலப்பச்சை இரட்டைச் சடைக்காரி. வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் மெட்டமைக்கிற அத்தனை பேருக்கும் அவள்தான் பாடகி. டிசம்பரில் 02 என்ற எண்ணோடு ரின், லென் இருவரும் வந்தாயிற்று. ஒன்று, இரண்டு வந்தால் மூன்றும் வரத்தானே வேண்டும்? நிக்கோ நிக்கோ வீடியோ தளத்து ரசிகர்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு கூட்டம் இப்படி ஏங்கிக்கொண்டிருப்பது இன்னொரு கூட்டத்தின் கண்ணில் பட்டது.

விப்பர்கள்!

டூ-சானல் என்ற ராட்சச அரட்டை மன்றத்தில் வி.ஐ.பி. என்று ஒரு பகுதி. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். உள்ளே இருந்தவர்கள் பொழுதுபோகாமல் வம்புக்கு அலைந்தவர்கள். யாருக்கும் பெயர் இல்லை, முகம் இல்லை. யார் மாணவன், யார் குமாஸ்தா, யாருக்கும் தெரியாது. நிக்கோ ரசிகர்களைக் கண்டால் இவர்களுக்கு ஓர் இளக்காரம். ஒரு கார்ட்டூன் பெண் கம்ப்யூட்டர் குரலில் பாடினால் இப்படியா உருகுவது?

உருகுகிறவர்களை ஏமாற்ற என்ன வழி? அவர்கள் எதற்காகக் காத்திருக்கிறார்களோ, அதையே செய்து கொடுத்துவிடுவது.

புதுப் பாடகி வந்துவிட்டாள் என்று கிளப்பிவிடுவோம். இல்லாத கம்பெனி, இல்லாத சாஃப்ட்வேர், இல்லாத பெண். நாள் ஏப்ரல் 1. முட்டாள்கள் தினம். நாள் பொருத்தம் பிரமாதம். கையில் இருந்ததோ சில நாட்கள்தான்.

அந்தப் பெண் உருவான விதம் வேடிக்கை. யாரும் உட்கார்ந்து ஆலோசிக்கவில்லை. 'இத்தனையாவது ஆளாக எழுதுகிறவர் சொல்வதே முடிவு' என்று ஓர் எண்ணை அறிவிப்பார்கள். அந்த எண் யாருக்கு விழுகிறதோ, அவர் வாக்கு வேதவாக்கு. கிறுக்குத்தனமாக எதைச் சொன்னாலும் சரி. வயது என்ன? 31. மிகுவுக்குப் பதினாறு வயதுதான் என்பதை நினைவில் வையுங்கள். ஆணா, பெண்ணா? கைமீரா! நம் கோயில் தூண் யாளிபோல, பல மிருகங்களை ஒட்டவைத்த கிரேக்கப் புராணப் பிராணி. கையில் என்ன? மிகுவுக்கு ரசிகர்கள் வெங்காயத்தாளைக் கொடுத்த கதையை நாலு வாரம் முன்பு சொன்னேன். இவளுக்குக் கிடைத்தது நீளமான பிரெஞ்சு ரொட்டி. தலைமுடி சிவப்பு. இரண்டு பக்கமும் தச்சர் வைத்திருக்கிற டிரில் முனைபோல முறுக்கிக்கொண்டு நின்றது. சென் என்ற புனைபெயர்க்காரர் வரைந்து கொடுத்தார்.

பெயர் கசானே டெட்டோ.

மிகுவின் கையில் 01 இருக்கிறதே, இவள் கையில் என்ன எண்? இங்கேதான் எனக்கு இந்தப் போக்கிரிகளைப் பிடித்துப்போகிறது. அவர்கள் எழுதிய எண் 0401. நாலாவது மாதம், முதல் தேதி. பொய்யின் மேலேயே 'இது பொய்' என்று முத்திரை குத்திவிட்டார்கள். கண்ணுள்ளவன் கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்ற திமிர்.

படம் ஆயிற்று. பெயர் ஆயிற்று. எடை, உயரம்கூட ஆயிற்று.

குரல்?

பாடாத பாடகியை எவன் நம்புவான்? வோகலாய்ட், அதாவது கம்ப்யூட்டரைப் பாடவைக்கும் சாஃப்ட்வேர், என்றால் பாட வேண்டும். அந்த இயந்திரத்தின் சூத்திரம் யமஹாவின் கையில் இருந்தது. பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து வருடக்கணக்கில் உழைத்துச் செய்த சூத்திரம். புதுக் குரலை அதற்குள் ஏற்ற வேண்டுமானால் யமஹாவோடு ஒப்பந்தம் போட்ட கம்பெனியாக இருக்க வேண்டும். ஸ்டூடியோ வேண்டும். பொறியாளர்கள் வேண்டும். அன்று கடையில் மிகு பெட்டி 15,750 யென்னுக்குக் கிடைத்தது. அதில் வருவது முடிந்துபோன குரல். அதைப் பாடவைக்கலாம், புதிதாக ஒரு குரலைச் செய்ய முடியாது.

முகமில்லாத வம்பர்களிடம் ஸ்டூடியோ ஏது? இங்கே திட்டம் தரைதட்டியிருக்க வேண்டும்.

தட்டவில்லை.

காரணம், அமேயா என்ற புனைபெயரில் எழுதிய ஒரு தனி மனிதர். வோகலாய்ட் வாங்கக் காசில்லாத ரசிகர்கள் ஒரு குறுக்குவழி வைத்திருந்தார்கள். தங்களுக்குப் பிடித்த பாடகரின் பாட்டையோ, கார்ட்டூன் பாத்திரத்தின் வசனத்தையோ எடுத்து, எழுத்து எழுத்தாக வெட்டி, சுருதி மாற்றி, வேறு ஒரு பாட்டாக ஒட்டுவது. 'ஆள்பல வோகலாய்ட்' என்று தங்களையே கிண்டல் செய்துகொண்டார்கள். ஒரு நிமிடப் பாட்டுக்கு எத்தனை ராத்திரி போகும் என்று நினைத்துப் பாருங்கள். அந்த வெட்டி ஒட்டும் வேலையைச் சுலபமாக்க அமேயா ஒரு சிறு நிரல் எழுதினார். பெயர் உட்டாவ். விலை இல்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். வெளிவந்தது எப்போது?

அதே மார்ச் மாதம்!

வரலாறு சில சமயம் கூச்சமே இல்லாமல் இப்படிக் கதை எழுதிவிடுகிறது. வம்பர்களுக்குக் குரல் தேவைப்பட்ட அதே மாதத்தில், குரல் செய்கிற கருவி தெருவுக்கு வந்துவிட்டது.

கருவி வந்தது. தொண்டை வேண்டுமே? ஓயமானோ மாயோ என்ற பெண் முன்வந்தார். அவர் என்ன நினைத்து ஒப்புக்கொண்டார் என்று நான் உங்களுக்குக் கதை கட்டப் போவதில்லை. ஒரு நாள் கூத்துக்குத் தன் குரலைக் கொடுத்தார். அவ்வளவுதான். அது ஒரு நாளோடு முடியாது என்பது அன்றைக்கு அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

அந்த ஒலிப்பதிவில் என்ன நடக்கும் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். பாட்டுப் பாட வேண்டியதில்லை. அ என்று சொல்ல வேண்டும். நிறுத்த வேண்டும். இ. நிறுத்தம். உ. எ. ஒ. பிறகு க, கி, கு, கெ, கொ. அடுத்து ச வரிசை. த, ந, ஹ, ம, ய, ர, வ. எங்கேயோ கேட்ட வரிசையாக இருக்கிறதா? இருக்கத்தான் செய்யும். இந்தியாவிலிருந்து போன சித்தம் எழுத்தைப் படித்த பௌத்தத் துறவிகள் ஜப்பானியர்களுக்கு விட்டுச்சென்ற ஒழுங்கு அது. இன்று ஹ என்று ஒலிக்கிற இடத்தில் பழைய ஜப்பானியத்தில் ப இருந்தது. ஹ-வை எடுத்துவிட்டு அந்தப் ப-வை வைத்துச் சொல்லிப் பாருங்கள்: க, ச, த, ந, ப, ம, ய, ர, வ. உங்கள் ஒன்றாம் வகுப்பு ஞாபகத்துக்கு வரும்.

நூற்றுச் சொச்சம் எழுத்து. ஒவ்வொன்றும் ஒரே சுருதி. ஒரே சத்தம். உணர்ச்சி கூடாது. சிரிப்பு வந்தால் திரும்பச் சொல்ல வேண்டும். ஜப்பானிய மொழிக்கு இந்த முறை வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கும். எழுத்துகளெல்லாம் உயிரில்தான் முடியும். விதிவிலக்கு ஒரே ஒரு 'ன்'. தமிழில் இதைச் செய்ய உட்கார்ந்தால் ல், ள், ழ், ர், ம், ன் எல்லாம் வரிசையாக வந்து கழுத்தைப் பிடிக்கும். அந்தக் கதைக்கு இப்போது போக வேண்டாம்.

ஆக, கம்ப்யூட்டரில் நூற்றுச் சொச்சம் சிறு ஒலிக் கோப்புகள் கிடக்கின்றன. அ ஒன்று. க ஒன்று. இவை எப்படிப் பாட்டாகும்?

இந்தத் தொடரில் இதுவரை கம்பெனிகளின் வாசலில் நின்றே பேசிவிட்டோம். ஒரு பொழுதுபோக்குக்காரனின் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்காருவோம். அன்று விப்பர் உட்கார்ந்தாலும், பின்னால் ஒசாகாவில் ஒரு பள்ளிப் பையன் உட்கார்ந்தாலும் அந்த முதல் மணி நேரம் ஒன்றுதான்.

திரையின் இடது ஓரத்தில் பியானோக் கட்டைகள். பக்கத்தில் கட்டம் போட்ட வெற்றிடம். மவுஸால் ஒரு கோடு இழுத்தால் அது ஒரு ஸ்வரம். மேலே வைத்தால் மேல் ஸ்வரம். நீட்டி இழுத்தால் நீளும் ஸ்வரம். கோட்டின் மேல் ஓர் எழுத்தைத் தட்டச்சு செய்ய வேண்டும். க. அடுத்த கோடு. எ. இப்படியே ஒரு வரி முடித்து, ஓடவிட்டுக் கேட்கிறான்.

கர்ணகடூரம்!

பாட்டு வரவில்லை. எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து முட்டிக்கொண்டு நிற்கின்றன. தாளம் வேறு எங்கேயோ விழுகிறது. எல்லா எழுத்தும் கொஞ்சம் தாமதம். கோடுகளை நகர்த்திப் பார்க்கிறான். இன்னும் மோசம்.

பாதிப் பேர் இந்த இடத்தில் மூடிவைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள். மீதிப் பேருக்காகத்தான் இந்த அத்தியாயமே.

கோளாறு என்ன தெரியுமா? 'கா' என்று பாடுகிறீர்கள். க் என்ற மெய், ஆ என்ற உயிர். தாளத்தின் தட்டு எதன்மேல் விழ வேண்டும்? தொடையில் தட்டிப் பாடிப் பாருங்கள். தட்டு ஆ-வின் மேல் விழும். மெய் அதற்கு ஓர் இமைப்பொழுது முன்னாலேயே வாயை விட்டுக் கிளம்பியிருக்கும். எந்தப் பாடகருக்கும் யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை. தொண்டை தானாகச் செய்கிறது. இயந்திரத்துக்குத் தொண்டை இல்லையே! கோடு தொடங்குகிற இடத்தில் மெய்யைத் தொடங்கினால், உயிர் பிந்தித்தான் வரும்.

மெய் முந்த வேண்டும். உயிர் தட்டில் விழ வேண்டும்.

அதனால் ஒவ்வொரு கோப்புக்கும் எண்கள் எழுத வேண்டும். இந்த இடம்வரை மெய், இதை இழுக்காதே. இங்கிருந்து உயிர், வேண்டிய மட்டும் இழுத்துக்கொள். தட்டுக்கு இத்தனை மில்லிசெகண்ட் முன்னால் கிளம்பு. முந்தைய எழுத்தின் வாலோடு இவ்வளவு ஒட்டு. க சட்டென்று வெடித்து முடிந்துவிடும். ஸ சீறிக்கொண்டே நீளும். அதற்கு ஓர் எண், இதற்கு ஓர் எண். அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, காதை வைத்துக் கேட்டு, நூற்றுச் சொச்சம் முறை.

இதற்குப் பிறகுதான் சங்கீதம். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குக் குதிக்காமல் வழுக்கிப் போக, சுருதிக்கோட்டை வளைக்க வேண்டும். கார்வையின் கடைசியில் லேசாக ஓர் அசைவு வேண்டும். அதிகம் அசைத்தால் ஆடு கத்தும். அசைக்காவிட்டால் சங்கு ஊதும். மூன்று வார்த்தைக்கு ஒரு மாலைப்பொழுது சரியாகப் போகும்.

அப்புறம் ஒரு தடவை ஓடவிடுவான். ஒரே ஒரு இடத்தில், ஒரே ஒரு எழுத்தில், யாரோ மூச்சு விட்டுப் பாடுவது போலிருக்கும்.

அவ்வளவுதான், மாட்டிக்கொண்டான். இனி அவன் தூங்க மாட்டான்.

வம்பர்களிடம் திரும்புவோம். ஊரை ஏமாற்றக் கிளம்பியவர்களுக்கு நேர்ந்தது இதுதான் என்று நான் நினைக்கிறேன். பொய்யை நம்பும்படி சொல்ல வேண்டுமானால் வேலையை ஒழுங்காகச் செய்தாக வேண்டும். மட்டமான படம் காட்டிக்கொடுத்துவிடும். மட்டமான குரல் அதைவிட வேகமாகக் காட்டிக்கொடுக்கும். எந்த ரசிகர்களை இளக்காரம் செய்தார்களோ, அவர்கள் எதைக் கேட்டு உருகுகிறார்கள் என்பதை எழுத்து எழுத்தாகப் படிக்க வேண்டியிருந்தது. அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் ரகசிய மிகு ரசிகர்கள் என்பது என் சந்தேகம். பிடிக்காத ஒன்றை இவ்வளவு அக்கறையோடு எவனும் நகல் எடுக்க மாட்டான்.

ஏப்ரல் 1.

டெட்டோ வெளியே வந்தாள். பெயரோடு, படத்தோடு, குரலோடு. சட்டையின் வெட்டு, தனியாக நிற்கும் சட்டைக்கை, காலில் உயரமான பூட்ஸ், எல்லாமே சப்போரோ வீட்டுப் பெண் என்று நம்பவைக்கிற சாயல். மூன்றாவது ஆள் வந்தாயிற்றா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

ஏப்ரல் முதல் தேதிப் பொய்க்கு ஆயுள் ஒரு நாள். கையில் 0401 என்று எழுதிக்கொண்டு வந்தவளுக்கு அதுகூட அதிகம். குட்டு உடைந்தது. சிரித்தார்கள். வழக்கமாக இத்தோடு கதை முடியும். விப்பர்கள் அடுத்த வம்பைத் தேடிப் போவார்கள். படம் ஏதோ ஒரு மூலையில் தூசி படிந்து கிடக்கும்.

ஆனால் இந்தத் தடவை ஒன்று மிச்சம் இருந்தது.

பெயர் பொய். வயது பொய். வோகலாய்ட் என்றது பெரும் பொய். ஆனால் அந்த நூற்றுச் சொச்சம் ஒலிக் கோப்புகள்? அவை நிஜம்! உட்டாவில் போட்டால் அவள் பாடினாள். யார் போட்டாலும் பாடினாள். காசு கொடுக்காமல் பாடினாள். 15,750 யென் இல்லாத பையனுக்கும் பாடினாள்.

குப்பையில் போட ஏப்ரல் 2-ஆம் தேதி ஒருவருக்கும் மனம் வரவில்லை.

கோப்புகளை ஆளுக்கு ஆள் எடுத்துக்கொண்டார்கள். அதே கோடைக்காலத்தில் லமாஸ்-பி என்பவர் 'டிரிபிள் பாகா' என்ற பாட்டைப் போட்டார். மூன்று பேர் பாடும் பாட்டு. ஒருத்தி மிகு. இன்னொருத்தி, ரசிகர்களின் கேலிப் பேச்சில் பிறந்த அகிதா நேரு. மூன்றாவது குரல்?

டெட்டோ. அசலும் போலியும் ஒரே மேடையில்!

இன்னொன்றும் நடந்தது. டெட்டோவைவிட அதுதான் பெரியது என்பேன். 'ஒரு பெண் மைக் முன்னால் உட்கார்ந்து அ, இ, உ சொன்னால் பாடகி பிறந்துவிடுகிறாளா? அப்படியானால் நான் சொன்னால்?' என்ற கேள்வி நாலாபக்கமும் கிளம்பியது. படுக்கையறையில், அலமாரிக்குள் துணிகளுக்கு நடுவே, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, ஆயிரக்கணக்கானவர்கள் தங்கள் குரலைத் துண்டு துண்டாகப் பதிந்தார்கள். எண்கள் எழுதினார்கள். ஒரு படம் வரைந்து, பெயர் வைத்து, வெளியே விட்டார்கள். அதுவரை கம்பெனி குரல் செய்தது, ரசிகன் பாடவைத்தான். இப்போது ரசிகனே குரல் செய்தான்.

அவசரக்காரர்களுக்காக ஒரு முன்னோட்டம். பதினைந்து வருடம் கழித்து, 2023 ஏப்ரலில், சின்தசைசர்-வி என்ற புதுத் தலைமுறை சாஃப்ட்வேரில் டெட்டோ கடைச் சரக்காகவே வந்தாள். குரல் கொடுத்தவர் அதே ஓயமானோ மாயோ. அடுத்த வருடம் மிகுவும் டெட்டோவும் சேர்ந்து பாடிய 'மெஸ்மரைசர்' யூடியூபில் பத்துக் கோடி பார்வைகளைத் தாண்டியது. ஒரு நாள் வாழப் பிறந்த பொய் அது. அந்த அத்தியாயத்துக்கு இன்னும் பல வாரம் இருக்கிறது.

ஏனென்றால், 2008 ஏப்ரலில் அவள் அவ்வளவு தூரம் போவாள் என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. ஒரு பெரிய ஆபத்து வாசலில் நின்றது.

வம்பர்கள் யாருடைய வீட்டுப் பெண்ணின் சாயலைத் திருடினார்கள்? சப்போரோவின் கிரிப்டான் நிறுவனத்தினுடையது. அதன் தலைவர் இடோ ஹிரோயுகி. சாதுவான மனிதர்தான். ஆனால் மூன்றே மாதம் முன்னால், ஒரு மிகு பாட்டின் உரிமைப் பதிவு விவகாரத்தில், நிக்கோ தளத்தின் பின்னால் நின்ற டுவாங்கோ குழுமத்தோடு பகிரங்கமாகவே மோதியவர். மிகுவின் பெயரை யாரும் இஷ்டத்துக்கு இழுத்துப்போக விடமாட்டார் என்பதை ஊரே பார்த்திருந்தது. அவ்வளவு பெரிய குழுமத்தையே விடாதவர், முகமில்லாத நாலு வம்பர்களை விடுவாரா? வக்கீல் கடிதம் ஒன்று போதும். டெட்டோ மறுநாளே காணாமல் போயிருப்பாள்.

தன் வீட்டுச் சாயலில் ஒரு போலி பாடுகிறாள் என்ற சங்கதி சப்போரோவை எட்டியது.

இடோ என்ன செய்தார்?

(அடுத்த வாரம்)